தாயைப் பார்த்தீர்களா?

புதுச்சேரியில் வில்லியனூர் பக்கமோ பாகூர் பக்கமோ ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்று தெரிந்தால் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். "கடுவனா, பெட்டையா?", "என்ன விலை?", "ஊசி போட்டாச்சா?" இந்த மூன்று கேள்வியில் பேரம் முடிந்துவிடும். கொல்லையில் வேப்பமரத்தடியில் படுத்திருக்கும் தாயை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அதன் ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது, காதுமடலுக்குள் உண்ணி உண்டா, கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டார்கள், இது எத்தனையாவது ஈற்று என்று கேட்பதும் இல்லை. கேட்டிருந்தால், வாங்கிப்போன பத்தாம் நாளே குட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நிலை பல வீடுகளுக்கு வந்திருக்காது.

குட்டியைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி அது பிறப்பதற்கு முன்பே தாயிடம் முடிந்திருக்க வேண்டியது. இணை சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே அது தொடங்குகிறது.

மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும்போது தெருநாய்கள் இணை தேடி அலைவதைக் கிராமத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். வீட்டில் வளரும் பெட்டை ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை சூட்டுக்கு வரும். வந்த பிறகு மருத்துவரைத் தேடினால் நேரம் போதாது. அவசரத்தில் பக்கத்து ஊர்க் கடுவனைக் கொண்டுவந்து கிராஸ் விட்டுவிடுவார்கள். அந்தக் கடுவன் அதற்கு முந்தைய வாரம் எங்கே சுற்றியது என்று யாருக்கும் தெரியாது.

அதில் என்ன ஆபத்து என்றால், நாய்களிடையே இணைசேர்க்கையால் தொற்றும் புற்றுநோய் ஒன்று இருக்கிறது. புற்றுநோய் தொற்றுமா என்று நம்ப மறுப்பவர்கள் உண்டு. இது உண்மையாகவே தொற்றும். 1876இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி ஒரு நாயின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை இன்னொரு நாயின் உடலில் வைத்து அதை வளரச் செய்து காட்டினார். இந்தக் கட்டியின் செல்கள் அந்தந்த நாயின் சொந்தச் செல்கள் அல்ல என்பது பின்னால் தெரியவந்தது. முன்னொரு காலத்தில் ஒரே ஒரு நாயிடம் தோன்றிய செல்கள், அந்த நாய் செத்த பிறகும் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குத் தாவித் தாவி இன்றுவரை உயிரோடிருக்கின்றன. உலகெங்கும் இருந்து திரட்டிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டிகளின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, அந்த முதல் நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்ததாகக் கணக்கிட்டது.

நம் கொல்லைக்கும் அந்த ஆதிநாய்க்கும் நேரடி உறவு இருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. ஆனால் வியந்துகொண்டு இருந்துவிட முடியாது. பெட்டையின் பிறப்புறுப்பில் காலிஃப்ளவர் பூப்போல ஒரு சதை வளரும், ரத்தம் சொட்டும். வீட்டுக்காரர் "சூட்டுக்கு வந்திருக்கு" என்று நினைத்துக் கடுவனைத் தேடப் போவார். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ரத்தம் நிற்காமல் சொட்டினால் அதைச் சூடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவர் கையுறை போட்டு இரண்டு நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும். கடுவனுக்கும் இதே சோதனை வேண்டும். வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் என்ற ஊசியைச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்களுக்கு இது குணமாகிவிடும். சிகிச்சை முடியும்வரை இணை சேர்க்கக் கூடாது.

அடுத்தது ரத்தம். இங்கே நம் மண்ணின் கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரர்கள் காலத்தில் மெட்ராஸில் நரிவேட்டைக்கென்று நாய்க்கூட்டம் வளர்த்தார்கள். "மெட்ராஸ் ஹன்ட்" என்று அதற்குப் பெயர். அந்த நாய்களின் ரத்தத்தில், சிவப்பணுக்களுக்குள் உட்கார்ந்திருக்கும் மிகச் சிறிய ஒட்டுண்ணி ஒன்றை பேட்டன் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். பிறகு குள்ளநரியின் ரத்தத்திலும் அதைப் பார்த்தார். 1910இல் பிரெஞ்சு மருத்துவக் கழகம் ஒன்றின் இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. பபேசியா கிப்சோனி என்று இன்று உலகம் முழுதும் அறியப்படும் அந்த ஒட்டுண்ணியின் பிறந்தகம், அறிவியல் பதிவின்படி, சென்னை.

மனிதருக்கு மலேரியா எப்படியோ நாய்க்கு பபேசியா அப்படி. சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும், காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கும், சிறுநீர் டீ நிறத்தில் போகும். உண்ணி பரப்பும் இது நாய்ச்சண்டையில் ரத்தம் கலந்தாலும் தொற்றும். வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான். கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து குட்டிக்கு இது போய்ச் சேருகிறது என்பதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாய் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நோயை அடக்கி வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் வாழும். சினையும் பாலூட்டலும் உடம்பை வாட்டும்போது அது தலைதூக்கும். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான எர்லிக்கியாவும் இப்படித்தான் ஒளிந்திருக்கும். அது ரத்தத்தட்டுகளைக் குறைத்துவிடுவதால், குட்டி போடும் நேரத்தில் ரத்தம் நிற்காமல் போகும் ஆபத்தும் உண்டு.

ஆகவே இணை சேர்ப்பதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. காது நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை. நோய் ஒளிந்திருக்கும்போது தகட்டில் அகப்படாமல் போகலாம் என்பதால் பிசிஆர் சோதனை கூடுதல் உறுதி தரும். வில்லியனூர்க்காரர்களுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே குரும்பாபேட்டில் இருக்கிறது. மாட்டுக்குப் போகும் அதே இடம்தான், நாயையும் கூட்டிப்போகலாம்.

புரூசெல்லா பற்றியும் ஒரு வார்த்தை. மாடுகளில் கன்று வீசும் நோயாக நம் ஊர்ப் பால்காரர்கள் அறிந்த கிருமியின் நாய் வகை இது. 1966இல் அமெரிக்காவில் கார்மைக்கேல் என்ற விஞ்ஞானி பீகிள் நாய்களில் கண்டுபிடித்தார். சினை ஏழெட்டு வாரம் நன்றாக வளர்ந்து, இன்னும் சில நாளில் குட்டி என்று காத்திருக்கும்போது கரு விழுந்துவிடும். மருந்தால் முழுதாக ஒழிக்க முடியாதது, மனிதருக்கும் தொற்றக்கூடியது. கரு வீசிய நாயை "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சோதிக்காமல் மறுபடி இணை சேர்ப்பது பெரிய தவறு. விழுந்ததை வெறுங்கையால் எடுக்கவும் கூடாது.

இந்தப் பரிசோதனைகள் மருத்துவரின் விருப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளிலேயே இதற்கு அடிப்படை இருக்கிறது. பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும், ஆரோக்கியமாக இருக்கிறது என்று இணை சேர்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும், ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. முதல் சூட்டிலேயே குட்டி எடுத்து, முப்பதாம் நாள் கைமாற்றும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அது சட்டத்துக்கும் விரோதம், அந்தப் பெட்டைக்குச் செய்யும் கொடுமையும்கூட.

சினைக்காலம் சுமார் 63 நாள். இந்த இரண்டு மாதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது. எத்தனையோ மாதம் முன்பு தாயின் வயிற்றுக்குள் போன உருளைப்புழுவின் இளம்புழுக்கள் அதன் தசைகளுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். மலத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. சினை ஆறு வாரத்தைத் தாண்டும்போது அவை விழித்து, நச்சுக்கொடி வழியாகக் குட்டிகளின் உடம்புக்குள் போய்விடும். ஆகவே குட்டி பிறக்கும்போதே அதற்குள் புழு இருக்கும். கொக்கிப்புழு இன்னொரு வழி வைத்திருக்கிறது. அது பால்வழி வரும்.

ஏரிக்கால்வாய்க் கரையில் இருக்கும் வீடு ஒன்றில் இதை நான் நேரில் பார்த்தேன். ஏழு குட்டிகள், பிறந்து பதின்மூன்றாம் நாள். முதல் வாரம் கொழுகொழுவென்று இருந்தவை. அன்று ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டு விலகிச் சுவரோரம் கிடந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சோற்றுக்கஞ்சிபோல வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் திரும்பி வருவதற்கு அங்கே சிவப்பே இல்லை. சாக்கின்மேல் தார் ஒட்டியதுபோல் கறுப்பு மலம். குடலில் கசிந்த ரத்தம் செரித்து வந்தால் அந்த நிறம்தான். "இன்னும் கண்ணே சரியாத் திறக்கல, இதுக்குப் போய்ப் பூச்சியா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். அவர் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. பாலில் வந்த கொக்கிப்புழு முட்டையிடத் தொடங்கவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே குட்டியின் ரத்தத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். மலத்தில் முட்டை தெரிந்த பிறகு மருந்து கொடுக்கலாம் என்று காத்திருந்தால் குட்டி இருக்காது.

அதனால்தான் இரண்டாம் வாரத்திலேயே பூச்சி மருந்தைத் தொடங்கி, நான்கு, ஆறு, எட்டு என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்கிறார்கள். தாய்க்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். சினையின் பின்பாதியில் தாய்க்கு மருத்துவர் மேற்பார்வையில் தரக்கூடிய மருந்துகளும் உண்டு. அவை குட்டிக்குப் போகும் புழுக்களை வெகுவாகக் குறைக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பது எடை பார்த்துச் சொல்ல வேண்டியது, கடையில் கேட்டு வாங்குவது ஆபத்து. வெறுங்காலோடு வயலிலும் மணலிலும் நடக்கும் நம் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் நாயின் கொக்கிப்புழு புகுந்து, கோடு கோடாக அரிப்பெடுக்கும் தடிப்பை உண்டாக்கும். நாய்க்குக் கொடுக்கும் மருந்தின் பலன் வீட்டுக்காரர்களுக்கும் வந்து சேர்கிறது.

குட்டி பிறந்த முதல் நாள்தான் எல்லாவற்றையும்விட விலைமதிப்பற்றது. மாடு கன்று போட்டதும் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும் என்பது நம் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். நாய்க்குட்டிக்கும் அதே விதி. தாயின் எதிர்ப்புப் பொருள்களில் கொஞ்சமே நச்சுக்கொடி வழி வரும், மற்றதெல்லாம் சீம்பாலில் இருக்கிறது. அவற்றை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் வாசல் குட்டியின் குடலில் ஒரு நாள்தான் திறந்திருக்கும். அதிலும் முதல் சில மணி நேரம்தான் நன்றாக வேலை செய்யும். பிறந்தவுடன் எல்லாக் குட்டியும் காம்பைப் பிடித்ததா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். மெலிந்த குட்டியைப் பின்காம்பில் பிடித்து வைக்க வேண்டும்.

அந்தச் சீம்பால், பயணத்துக்கு அம்மா கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு மாதிரி. நாளாக ஆகத் தீர்ந்துகொண்டே போகும். குட்டிகளுக்கு ரத்தப்பேதியை உண்டாக்கும் பார்வோ வைரஸுக்கு எதிரான பாதுகாப்பு, ஏறக்குறைய பத்து நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். தாய்க்கு முறையாகத் தடுப்பூசி போட்டிருந்தால் மூட்டை பெரிது, மூன்று மாதம்கூட வரலாம். போடாத தாயின் குட்டிக்கு ஆறு வாரத்திலேயே தீர்ந்துவிடும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளும், யார் எவ்வளவு குடித்தார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாய் கொடுத்த எதிர்ப்புப் பொருள், நோய் வைரஸையும் தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த வைரஸையும் வேறுபடுத்திப் பார்க்காது. தடுப்பூசியையும் பகைவன் என்று அடித்துப்போட்டுவிடும். பாதுகாப்பு குறைந்துகொண்டே வரும்போது ஒரு கட்டத்தில், நோயைத் தடுக்கப் போதாத, ஆனால் தடுப்பூசியைக் கெடுக்கப் போதுமான அளவுக்கு வந்து நிற்கும். அந்த இரண்டு மூன்று வாரம்தான் குட்டியின் கண்டம். எந்தக் குட்டிக்கு அது எப்போது வரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் முடியும்வரை. அதன்பின் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ இன்னொன்று. "ஊசி போட்டாச்சு" என்று ஒற்றை ஊசியோடு விற்கப்படும் குட்டி, பாதுகாப்பான குட்டி ஆகாது. மருத்துவர் காசுக்காகத் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறார் என்று பேசுபவர்களைப் பார்க்கும்போது, இந்தக் கணக்கை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லையே என்றுதான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பார்வோ பழைய நோய் இல்லை. 1978இல் உலகில் தலைகாட்டி இரண்டே ஆண்டில் கண்டங்களைத் தாண்டியது. 1980களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து பதிவாகிவிட்டது. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் அது தேடிப் பிடிக்கும், குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும். வாந்தி, பிறகு ரத்தப்பேதி, அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். செத்த குட்டியைப் புதைத்த பிறகும் வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், நிழலான இடத்தில் ஓராண்டு வரைகூட இருக்கும். பினாயில் தெளித்தால் போதும் என்று நினைப்பது தவறு. சிமெண்டுத் தரையாக இருந்தால் நன்றாகக் கழுவிவிட்டு, 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சாணம் மெழுகிய மண்தரையில் பிளீச்சும் வேலை செய்யாது. அந்த வாசலுக்கு, தடுப்பூசி வரிசை முடியாத புதுக் குட்டியை ஓராண்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதே வழி.

ஊசி மருந்தின் பயணமும் கவனிக்க வேண்டியது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டிய மருந்தைப் புதுச்சேரி நகரத்துக் கடையில் வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு வண்டியில் மாட்டி, சித்திரை வெயிலில் பாகூர் வந்து சேர்ந்தால், உள்ளே உயிரோடு இருக்க வேண்டிய வைரஸ் செத்திருக்கும். குட்டிக்கு வலி மட்டும் மிச்சம். பனிக்கட்டி வைத்த தெர்மோஸ் குடுவையிலாவது எடுத்து வாருங்கள். குட்டியையே மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அதைவிட நல்லது.

பாகூருக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. ஏரியும் வாய்க்காலும் நெல்வயலுமாக இருக்கும் ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதன்பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் இறங்கி நடக்கும் நாயின் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் இந்தக் கிருமி குடியேறும். பிறகு அதன் சிறுநீர் வழியாக வீட்டாருக்கும் வரும். லெப்டோவுக்கான ஊசி ஒருமுறை போட்டால் போதாது. முதலில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுதோறும், முடிந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே.

வெறிநோய் ஊசி குட்டிக்கு மூன்று மாதத்தில். தாய்க்கு ஆண்டு தவறாமல். குட்டிதானே, விளையாட்டாகத்தானே கடித்தது என்று விட்டுவிடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதம் ஆகாத குட்டிக்கும் வெறிநோய் வரும். எங்கிருந்தோ வந்த குட்டியின் பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

பால் கொடுக்கும் தாயையும் மறந்துவிடக் கூடாது. சினையாக இருக்கும்போதே கால்சியம் டானிக்கை ஊற்றிக் கொடுப்பவர்கள் நிறைய. அன்பால் செய்வதுதான், ஆனால் தீங்கு. வெளியிலிருந்து தாராளமாக வரும்போது, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் சுரப்பி சோம்பிப் போகும். குட்டி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் பால் பெருகித் திடீரெனத் தேவை கூடும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது. தாய் நடுங்கும், மூச்சிரைக்கும், கால் விறைத்து விழும். அது அவசரநிலை, நரம்பு வழி மருந்து ஏறினால்தான் பிழைக்கும். சினைக்காலத்தில் நல்ல தீனி போதும்.

குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆகும்போது வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய நம் நாய் அது. பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும் என்று நாம் விரும்பித் தேர்ந்தெடுத்து வளர்த்த அழகுக்குள்ளேயே ஒரு குறை ஒளிந்திருக்கிறது. நிறம் தரும் செல்கள் தோலில் மட்டும் வேலை செய்வதில்லை. உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் உயிரோடிருக்கவும் அவை வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால், பிறந்த மூன்று நான்கு வாரத்தில் மயிர்ச்செல்கள் அழிந்து, காது நிரந்தரமாகக் கேட்காமல் போகும். டால்மேஷியன் நாய்களில் நெடுங்காலமாக ஆராயப்பட்ட அதே குறை. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைக் கண்டுபிடிக்க, மூளைத்தண்டின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் கருவி வேண்டும். இரண்டு காதும் கேட்காததை நாமே பார்த்துவிடலாம்.

மத்தியானம், வயிறு நிறைந்து குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கும் நேரம். காற்று படாத தூரத்தில், தரை அதிராமல் நின்று, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு. எல்லாத் தலையும் சட்டென்று நிமிரும். ஒன்று மட்டும் நிமிராமல் கிடந்தால், பக்கத்துக் குட்டி அசைந்த அசைவில்தான் விழித்தால், அதைத் தனியே எடுத்துப்போய் மறுபடி பாருங்கள். கையசைவைப் பழக்கிக்கொடுத்தால் அந்தக் குட்டி உங்கள் வீட்டில் நன்றாகவே வாழும். வாங்க வருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குக் கருத்தடை செய்துவிடுங்கள். வேப்பமரத்தடியில் இருக்கும் அதன் தாயை அதே கடுவனோடு மறுபடி சேர்க்காதீர்கள்.